புன்னைக்காயலின் மேல் வந்த படை

இலங்கையின் மலைநாட்டிலே, நாவலப்பிட்டிக்கும் அட்டனுக்கும் இடையே புகைவண்டிப் பாதை வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் வட்டவளை இருக்கிறது. நாட்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளி வாழும் மக்களின் அன்றாட வாழ்வில் கடலுக்கு இடமில்லை. ஆயினும் அவர்களுடைய முன்னோர் கடலொன்றைக் கடந்து வந்தவர்களே. 1917ஆம் ஆண்டு தொடக்கம் அவர்கள் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாமிலே சில நாள் நிறுத்திவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்த பின்னரே தலைமன்னாருக்குக் கப்பலேற்றப்பட்டனர். அதற்கு முன்னர் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் அத்தகைய முகாம் இருந்தது. மூட்டை முடிச்சுகளோடு அங்கே காத்திருந்தவர்களின் கண்முன் கிடந்த கடல், தமிழர் வரலாற்றிலே பெரிதும் அல்லற்பட்ட கடல்களுள் ஒன்றாகும்.

மண்டபத்திற்கு மேற்கே சிறிது தொலைவில் வேதாளை என்னும் கடலோரச் சிற்றூர் உண்டு. அங்கிருந்து தெற்கு நோக்கிக் கீழக்கரை, வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு எனக் கன்னியாகுமரி வரையில் நீளும் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கரைக்கு அப்பால், மன்னார்க் குடாவின் இரு மருங்கிலும் முத்துச் சிப்பி விளையும் பார்கள் இருக்கின்றன. அக்கரையின் ஊர்களுள் ஒன்றாகிய புன்னைக்காயல் 1553ஆம் ஆண்டிலே கடல்வழி வந்த ஒரு படையினால் கைப்பற்றப்பட்டது. போர்த்துக்கேய ஆசிரியர்கள் அதனைக் கடற்கொள்ளைக்காரரின் கொடுஞ்செயல் என்று எழுதிவைத்தனர். அது கொள்ளைதானா, யார் செய்த கொள்ளை என்னும் வினாக்கள் அந்த ஒரு நாளின் நிகழ்ச்சியைக் கொண்டு மட்டும் விடை காணக்கூடியவை அல்ல.

கடற்கொள்ளை இந்தியக் கரைகளுக்குப் புதியதன்று. உரோமாபுரி ஆசிரியர் பிளினி, முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போதே, அண்டையில் கொள்ளையர் இருப்பதால் அத்துறை அவ்வளவு விரும்பத்தக்கதன்று என்று வணிகரை எச்சரித்தார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. மலையாளக் கரைக் கொள்ளையர் ஆண்டுதோறும் மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு கோடைகாலம் முழுதும் கடலிலேயே கிடப்பர். இருபது முப்பது கப்பல்கள், ஒன்றுக்கொன்று ஐந்து கல் தொலைவில், கடலை மறித்து நிற்கும். ஏதேனும் ஒரு வணிகக் கப்பல் கண்ணிற் பட்டால் நெருப்பும் புகையும் காட்டி அனைவரும் அதனைச் சூழ்ந்துகொள்வர். பொருளைப் பறித்த பின் வணிகரை உயிரோடு விட்டுவிடுவர்; போய் இன்னும் சம்பாதித்துக்கொண்டு வாருங்கள், அதுவும் எங்களிடமே வந்து சேரும் என்று வழியனுப்பியும் வைப்பர். குசராத்துக் கரையிலோ, பிடிபட்ட வணிகர் முத்துக்களை விழுங்கி மறைத்திருக்கக்கூடும் என்று கருதி, புளியைக் கடல்நீரிற் கரைத்துப் பருகச் செய்து வெளிக்கொணர்வராம். முத்து என்பது மனித வயிற்றையும் சோதிக்கச் செய்த பொருளாக இருந்தது.

அந்த முத்தைக் கடலடியிலிருந்து எடுத்துத் தருபவர் பரதவரும் கரையோர முஸ்லிம்களும் ஆவர். பங்குனி சித்திரை மாதங்களிலே கடல் தெளிந்து அமைதியுறும்போது சலாபம் கூடும். காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குபவன் சிப்பியை அள்ளிப் பையில் நிரப்பியதும், தோணியில் இருப்பவன் கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பான். சுறா அணுகாதிருக்க மந்திரம் சொல்பவனுக்கும் சலாபத்தில் ஒரு பங்கு இருந்தது. சிப்பி கரைக்கு வந்த பின்னரோ பங்கு கேட்போர் பலர். நிலத்தை ஆண்டவனுக்கு ஒரு பங்கு. அவனிடம் துறையைக் குத்தகைக்கு எடுத்தவனுக்கு ஒரு பங்கு. முன்பணம் தந்த வணிகனுக்கு ஒரு பங்கு. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவன் எஞ்சியதைப் பெற்றான்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்துறையில் செல்வாக்குப் பெற்றிருந்தவர் காயல், கீழக்கரை ஆகிய ஊர்களின் முஸ்லிம் பெருவணிகர். 1520களிலே போர்த்துக்கேயர் உள்ளே நுழைந்தனர். பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் அப்பொழுது மூண்ட பூசல் பெரிதாயிற்று. ஒரு பரதவனின் காது அறுபட்டதிலிருந்து அது தொடங்கியது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இத்தகைய பூசல்கள் ஒரு காதினாலே மட்டும் உண்டாவதில்லை. பரதவரின் தலைவர்களாகிய பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் காவலை வேண்டினர். 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் அக்குலத்தார் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் தொகை இருபதினாயிரம் என்பது அக்காலத்தவர் கணக்கு. மதம் மாறியதோடு சலாபத்தின் காவலும் மாறியது. அதுவரை காயல் வணிகர் பெற்ற வருவாய் போர்த்துக்கேயத் தளபதியிடம் போகத் தலைப்பட்டது.

இங்கே எதிர்த்தரப்பார் யாவர் என்பதையும் அறிந்துகொள்ளல் வேண்டும். குஞ்ஞாலி மரைக்கார், பட்டு மரைக்கார், அலி இபுராகிம் மரைக்கார் என்ற பெயர்களைப் போர்த்துக்கேய நூல்களிலே காண்பவர், அவர்கள் பிறவியிலேயே கொள்ளையர் என்று எண்ணக்கூடும். உண்மையில் மரைக்கார் குடும்பங்கள் சோழமண்டலக் கரையிலிருந்து மலையாளத்திற்கு அரிசி கொண்டுசென்று விற்ற பெருவணிகக் குடும்பங்கள். கொச்சியில் இருந்தபோது போர்த்துக்கேயரோடு கொடுக்கல் வாங்கலும் வைத்திருந்தனர். ஆனால் போர்த்துக்கேயரோ, தம்மிடம் கர்த்தாசு என்னும் அனுமதிச் சீட்டுப் பெறாத கப்பல் எதுவாயினும் அதனைப் பிடிப்போம் என்று சட்டம் செய்தனர். அரேபியரும் குசராத்தியரும் தமிழரும் மலையாளிகளும் பல நூற்றாண்டுகளாக எவரையும் கேளாமற் சென்றுவந்த கடலுக்கு நேற்று வந்தவர்கள் சுங்கம் விதித்தனர். சரக்கைப் பறிகொடுத்த மரைக்கார்கள் 1524 அளவிலே கொச்சியை விட்டுக் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் பக்கம் சேர்ந்தனர். அன்று முதல் அவர்கள் சாமூதிரிக்குக் கடற்படைத் தலைவர், போர்த்துக்கேயருக்குக் கடற்கொள்ளையர்.

இப்போராட்டம் இலங்கையையும் இழுத்துக்கொண்டது. கோட்டையில் புவனேகபாகு மன்னனும் சீதாவாக்கையில் அவன் தம்பி மாயாதுன்னையும் ஒருவரையொருவர் வீழ்த்த முயன்ற காலம் அது. அட்டன் மலைகளிற் பிறக்கும் ஆறுகளைக் கொண்டு பெருகும் களனி கங்கையின் கரைநாடே மாயாதுன்னையின் நாடு. அண்ணன் போர்த்துக்கேயரை நாடினான். தம்பி சாமூதிரியின் கடற்படையை அழைத்தான். 1538இல் மரைக்கார்களின் படை ஒன்று குமரிமுனையைச் சுற்றி வடக்கே வந்து வேதாளையிற் கரையிறங்கித் தங்கியது. அதிலிருந்த கப்பல்கள் 42 என்று மலையாள நாட்டு அறிஞர் சைனுத்தீன் மக்தூம் தம்முடைய அரபு நூலில் எழுதுகிறார். மார்த்திம் அபோன்சோ த சூசா என்னும் போர்த்துக்கேயத் தளபதி அங்கே அதனைத் தாக்கிக் கப்பல்களைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டிலே இலங்கைக்கு வந்த மரைக்கார்களுக்கு நேர்ந்த முடிவு இன்னும் கொடியது. மிகேல் பெரெய்ரா என்ற தளபதி, அவர்களின் தலைகளைத் தந்தாலன்றி அமைதி இல்லை என்றான். துணைக்கு அழைத்த மாயாதுன்னையே அத்தலைகளை அனுப்பிவைத்தான்.

வேதாளையில் பெற்ற வெற்றியினால் முத்துக்குளித்துறை மக்களுக்கு அச்சம் நீங்கியிருக்கும் என்று கருதுவது இயல்பு. நீங்கவில்லை. கடலில் ஒரு பகை அடங்கியபோது நிலத்தில் ஒன்று எழுந்தது. விசயநகரப் பேரரசின் சார்பில் மதுரையை ஆளத் தொடங்கியிருந்த நாயக்கரின் படைகள் தெற்கே இறங்கின. அப்படையினரைத் தமிழர் வடுகர் என்றனர். போர்த்துக்கேயர் அச்சொல்லைப் படகர் என்று எழுதினர். நீலகிரியில் வாழும் படகர்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. கரையோரத்தார் வரி செலுத்த வேண்டியவர் தமக்கே என்பது நாயக்கரின் கட்சி. நிலத்திற்கு உரிய அரசு அதுவாதலின் அக்கட்சியில் நியாயம் இல்லையென்று கூற முடியாது. ஆயினும் வரி கேட்க வந்தவர்கள் குதிரையேறி வாளோடு வந்தனர்.

1544ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் நிகழ்ந்தவற்றைப் பிரான்சிஸ் சவேரியார் தம் துணைவருக்கு எழுதிய மடல்களிலிருந்து அறிகிறோம். குமரிமுனையை அடுத்த ஊர்களின் மேல் வடுகர் படை பாய்ந்தது. மக்கள் தோணிகளிலும் கட்டுமரங்களிலும் ஏறிக் கடலிலுள்ள பாறைகளுக்கு ஓடினர். பாறையிலே உணவும் இல்லை, குடிநீரும் இல்லை. செய்தி மணப்பாட்டிற்கு எட்டியதும் சவேரியார் இருபது தோணிகளில் உணவையும் நீரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கச்சான் காற்று எதிர்த்து வீசும் ஆனி மாதம் அது. துடுப்பாலும் முடியவில்லை, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் முடியவில்லை. தோணிகள் திரும்பின. பின்னர் அவர் கால்நடையாகவே சென்று சேர்ந்தார். நடக்க இயலாத முதியோர், வழியிலே இறந்தவர்கள், வழியிலே பிள்ளை பெற்ற பெண்கள் என அங்கே தாம் கண்டவற்றை அவர் சில வரிகளில் எழுதுகிறார்.

இம்மடல்களிலே காணும் அறிவுரைகளும் கருதத்தக்கவை. நிலப்புறத்திலே காவலாட்களை நிறுத்துங்கள். தோணிகளை நீரிலே இறக்கி ஆயத்தமாக வையுங்கள் என்று அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். அஃது ஒரு துறவியின் புதிய கண்டுபிடிப்பன்று. கடலோரத்துக் கிழவிக்கும் தெரிந்த காவல்முறை அதுதான். நிலத்திலிருந்து குதிரை வந்தால் கடலுக்குள் போய்விடலாம். குதிரைக்கு நீந்தத் தெரிந்தாலும் பாறை வரை வராது. கடலிலிருந்து கப்பல் வந்தால் பனங்காட்டுக்குள் ஓடிவிடலாம். கப்பலுக்கு மணலில் நடை இல்லை. இரண்டு கதவுள்ள வீட்டைப் போல அவ்வூர்கள் இருந்தன. ஒரு கதவிலே பகைவன் தட்டினால் மறு கதவு வழியே வெளியேறிப் பிழைத்தனர். திரும்பி வந்து எரிந்த கூரையை வேய்ந்துகொண்டனர்.

காவல் தருவதாக உறுதி சொன்னவர்கள் அக்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தனர் என்று கேட்கலாம். தூத்துக்குடியில் இருந்த தளபதி கொசுமே த பைவா என்பவர் குதிரை வாணிகம் செய்தார். விற்றது யாருக்கு? வடுகர் படையினருக்கே. இலாபம் மிக்க அவ்வாணிகத்தைச் சவேரியார் மிகக் கசந்து கண்டித்திருக்கிறார். அதே 1544இல் அக்குதிரைப்படை தூத்துக்குடியின் மேலும் வந்தது. தளபதியின் வீடும் கப்பலும் எரிந்தன. அவரும் தீவுக்கு ஓட நேர்ந்தது. தூத்துக்குடி மக்களோ எதிரேயுள்ள தீவுகளிலே பசியாலும் நாவறட்சியாலும் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களை மீட்டுவரக் கொம்புத்துறையிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் தோணிகள் நீரேற்றிக்கொண்டு சென்றன. இச்செயலில் புன்னைக்காயலின் பெயர் வருவதைக் குறித்துக்கொள்ளலாம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூரே உதவி தேடி நிற்கப்போகிறது.

1549இலும் இதே கதை. வேதாளையில் இருந்த போர்த்துக்கேயத் தளபதி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரை மறித்துக் குழி வெட்டிச் சுங்கம் வாங்கினார். புண்ணிய யாத்திரைக்குச் செல்பவர் வழியை அடைப்பது எத்தகைய சினத்தை எழுப்பும் என்பதை அவர் எண்ணிப்பார்க்கவில்லை. படை திரண்டு வந்தது. அங்கிருந்த அந்தோணி கிரிமினாலி என்ற இளந்துறவி பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையிலே நின்றார். அங்கேயே குத்துண்டு இறந்தார். அங்கும் கடற்கதவு திறந்தே இருந்ததனாற்றான் மற்றையோர் பிழைத்தனர்.

இனிப் புன்னைக்காயலுக்கு வருவோம். பொதிய மலையில் பிறந்து நெல்லைச் சீமையை வளப்படுத்தி வரும் தாமிரபருணி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் அது. ஆறு கொணர்ந்து குவித்த மணலால் கடல் பின்வாங்கப் பின்வாங்க, அக்கரையில் துறைமுகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நகர்ந்தன. பாண்டியரின் கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. மார்க்கோ போலோ கண்ட காயலும் பழைய காயலாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அத்தொழில் புன்னைக்காயலிடம் வந்தது. போர்த்துக்கேயத் தளபதியின் இருக்கையும் அங்கே அமைந்தது. கோட்டை என்று சொல்லப்பட்டது மண்சுவரால் ஆனது.

அவ்வூரிலே அப்பொழுது இருந்தவர் என்றிக் என்றிக்கஸ் அடிகளார். அண்டிரிக் அடிகளார் என்பது தமிழர் வழங்கிய பெயர். தமிழை முறையாகக் கற்று, மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பேசவும் எழுதவும் வல்லவரானார். பின்வரும் துறவிகளுக்காகத் தமிழ் இலக்கணமும் எழுதினார். 1550ஐ ஒட்டி ஊரார் காணிக்கையைக் கொண்டு புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையையும் தொடங்கினார். முத்துக்குளிப்போருக்கும் மீன்பிடிப்போருக்கும் நோய்க்குப் பஞ்சமில்லை. காதில் குருதி கசிந்தும் மூச்சு முட்டியும் கரைசேர்பவர்கள் அவர்கள். அத்தகைய ஊரில் அவ்வில்லம் எத்துணைப் பெரிய காரியம் என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

1553இல் ஏறத்தாழ நாற்பது கப்பல்கள் தென்திசையிலிருந்து வந்தன. போர்த்துக்கேயர் இராப்பலி என்று எழுதிவைத்த ஒருவன் அவற்றின் தலைவன். மலையாளக் கரையைச் சேர்ந்தவன். அக்கப்பல்கள் பெருங்கப்பல்கள் அல்ல. துடுப்பாலும் பாயாலும் ஓடும் ஒடுங்கிய போர்ப்படகுகள். ஆழமற்ற முகத்துவாரத்திலும் ஏறிவரக்கூடிய அவற்றின் முன்னே போர்த்துக்கேயரின் பெரிய மரக்கலங்கள் பலமுறை செயலிழந்து நின்றதுண்டு. மானுவேல் ரொதிரிகசு கூத்தினோ என்னும் தளபதி தன்னிடமிருந்த சிறு படையோடு எதிர்த்தான். மண்சுவர் நெடுநேரம் தாங்கக்கூடியதன்று.

வழக்கம்போலக் கடலிலிருந்து வந்த பகைக்கு நிலக்கதவே வழி. அன்று அக்கதவின் அப்புறத்தில் வடுகர் படை நின்றது. நாயக்கரின் படைத்தலைவர்களும் கடலில் வந்தவர்களும் முன்னரே ஒன்றுபட்டிருந்தனர். ஒருவருக்கு வேண்டியது போர்த்துக்கேயரை ஒழித்துச் சலாபத்தைத் திரும்பப் பெறுதல். மற்றவருக்கு வேண்டியது கரையின் வரி. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. நிலத்திற்கு ஓட முயன்றவர் குதிரையின் முன்னும் கடலுக்கு ஓட முயன்றவர் துடுப்பின் முன்னும் அகப்பட்டனர். பரதவர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டிருந்த காவல்முறை அந்த ஒரு நாளில் பயனற்றுப் போயிற்று. தளபதியும் அவன் ஆட்களும் சிறைப்பட்டனர். அண்டிரிக் அடிகளாரும் வடுகர் கையில் அகப்பட்டுச் சிறையிருந்தார்.

இந்நிகழ்ச்சியைக் கூறும் ஏடுகள் தளபதியின் பெயரைச் சொல்கின்றன. அடிகளாரின் பெயரைச் சொல்கின்றன. பகைத்தலைவன் பெயரையும், சிதைந்த வடிவிலேனும், சொல்கின்றன. ஊரிலே பிறந்த ஒருவன் பெயரும் அவற்றில் இடம்பெறவில்லை. ஆனால் அவர்கள் செயல் இடம்பெற்றது. ஊர் பிடிபட்ட செய்தியைக் கொச்சிக்குக் கொண்டுசேர்த்துத் துணைப்படை வேண்டியவர்கள் பரதவரே. கில் பெர்னாந்தசு த கர்வாலியோ என்ற போர்த்துக்கேயச் செல்வர் அங்கிருந்து கப்பல்களோடு வந்தார். முத்துக்குளித்துறைக் கடலில் நடந்த போரில் இராப்பலியின் படை தோற்றது. சிறைப்பட்டிருந்த தளபதியும் அடிகளாரும் மீட்புப் பணத்தின் பேரில் விடுதலை பெற்றனர்.

மீட்புப் பணம் என்பது அக்காலத்துப் போரின் ஓர் அங்கம். ஆளைப் பிடித்து விலை பேசும் அவ்வழக்கத்தைக் கடலில் செய்தால் கொள்ளை என்றும் நிலத்தில் செய்தால் திறை என்றும் சொன்னார்கள். சலாபக் காலத்தில் துறையிலே நின்று பங்கு வாங்கிய போர்த்துக்கேயத் தளபதி அதனைக் காவற்கூலி என்றான். மூழ்கியவன் நோக்கில் மூன்றுக்கும் வேறுபாடு மிகுதியாக இருந்திராது. எனினும் ஒரு வேறுபாட்டை மறுத்தல் நேர்மையாகாது. போர்த்துக்கேயரை அழைத்தவர்கள் பட்டங்கட்டிகளே. அவர்கள் தம் விருப்பத்தோடு அழைத்தார்கள். கிடைத்த மூன்று எசமானர்களுள் தொலைவில் இருப்பவனை அவர்கள் தேர்ந்தெடுத்தனர் என்று சொல்லலாம். இலிசுபனிலே இருக்கும் அரசன் நாள்தோறும் வந்து கேட்கமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. அவன் பெயரால் வந்த தளபதிகள் கேட்டார்கள் என்பது வேறு செய்தி.

அடி வாங்கிய ஊர் அமைதியாக இருக்க இயலவில்லை. 1560இல் நாயக்கரின் படை மீண்டும் புன்னைக்காயலுக்கு வந்தது. அதே ஆண்டில் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்சுதந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்துத் திரும்பும்போது மன்னாரிலே கோட்டை ஒன்றை எழுப்பினார். புன்னைக்காயலில் இருந்த தளபதியின் இருக்கை அங்கே மாற்றப்பட்டது. பரதவருள் ஒரு பகுதியினரும் அங்கே குடியேற்றப்பட்டனர். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, புதிதாக மதம் மாறிய அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோரைக் கொல்வித்த மன்னாரே அது. இருந்தும் சென்றார்கள். தோணியில் அடுப்பையும் வலையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்னார்க் குடாவைத் தாண்டிய அம்மக்களின் பயணம், பின்னொரு காலத்தில் மண்டபத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் பயணத்திற்கு முந்நூற்றைம்பது ஆண்டு மூத்தது. இருவரையும் கடல் கடக்கச் செய்தது தம் ஊரில் வாழவொண்ணாத நிலை. மன்னாரும் பலருக்கு ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளிற் பெரும்பாலோர் பழைய கரைக்கே திரும்பிவிட்டனர். முத்துக்குளிப்பவனுக்குத் தான் அறிந்த கடலடியை விட்டு வேறிடம் போதல் எளிதன்று.

புன்னைக்காயல் அழியவில்லை என்பதற்கு ஒரு சான்று இன்றும் இருக்கிறது. அண்டிரிக் அடிகளார் சிறையிலிருந்து மீண்டு அதே கரையிலே பணியைத் தொடர்ந்தார். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய நாட்டில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் அது. கிரிசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியில் வெளிவந்தது. 1586இல் அடியார் வரலாறு என்னும் பெருநூல் வெளியாயிற்று. தமிழ் அச்செழுத்து வார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் பொருள் திரட்டித் தந்தவர்கள் பரதவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊரைப் பறிகொடுத்து மீட்புப் பணத்தின் விலை அறிந்த மக்கள், அடுத்துத் திரட்டிய பணத்தைப் புத்தகத்திற்குக் கொடுத்தனர். அப்பெருநூலின் பிரதிகள் ஐரோப்பிய நூலகங்களிலே மறைந்து கிடந்தன. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த தனிநாயக அடிகள் 1950களில் அத்தகைய பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி உலகறியச் செய்தார். அடியார் வரலாறு 1967இல் தூத்துக்குடியில் மறுபடியும் அச்சாயிற்று.

போர்த்துக்கேயருக்கும் மரைக்கார்களுக்கும் நடந்த போராட்டம் 1600ஆம் ஆண்டில் ஒரு முடிவுக்கு வந்தது. நான்காம் குஞ்ஞாலி, தம்மை ஆதரித்த சாமூதிரியோடு பகைகொண்டு, சாமூதிரியும் போர்த்துக்கேயரும் சேர்ந்து வளைத்த கோட்டையிலிருந்து சரணடைந்தார். உயிருக்கு உறுதி அளித்த பின்னரும் அவரைக் கோவாவுக்குக் கொண்டுசென்று தலை வெட்டினர். மலையாள நாட்டில் அவர் இன்று வீரராகப் போற்றப்படுகிறார். இந்தியக் கடற்படைப் பயிற்சி நிலையம் ஒன்றும் குஞ்ஞாலியின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அதே 1600ஆம் ஆண்டு மாசி மாதத் தொடக்கத்தில், எண்பது வயதளவான அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் காலமானார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அண்டை ஊர்களின் முஸ்லிம்கள் அவருக்காகத் துயர் கொண்டாடினர் என்றும், இந்துக்கள் நோன்பிருந்து கடைகளை அடைத்தனர் என்றும் இயேசு சபையாரின் குறிப்புகள் சொல்கின்றன. அக்கடைக்காரர்களுள் வயது முதிர்ந்த சிலர், நாற்பது கப்பல்கள் முகத்துவாரத்தில் ஏறிவந்ததைச் சிறுவராயிருந்தபோது கண்டிருக்கக்கூடும்.